செவிப்புலனற்றோரின் தந்தை தெ லெப்பே அடிகளார்



ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடந்துகொண்டிருக்கும் வேளையில் உங்கள் பங்கு மண்டபத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். முன் வாங்குகளில் இருக்கும் பிள்ளைகள் செபங்களை மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். கேட்ட கேள்விக்குப் போட்டி போட்டுக்கொண்டு கையுயர்த்துவார்கள். சில வேளைகளில் கடைசி வாங்கின் ஓரத்தில் ஒரு பிள்ளை ஆசிரியையின் உதடுகளையே பார்த்தபடி இருக்கும். மற்றவர்கள் எழுந்தால் அதுவும் எழும். மற்றவர்கள் முழந்தாளிட்டால் அதுவும் முழந்தாளிடும். பல இடங்களில் அந்தப் பிள்ளை மண்டபத்துக்கே வருவதில்லை. வீட்டின் பின்புறத்திலும் கிணற்றடியிலும் அதன் நாட்கள் கழிந்துபோகின்றன. ஞானஸ்நானத்தின்போது அதற்கும் ஒரு புனிதரின் பெயரை ஆசையோடு இட்டிருப்பார்கள். ஆனால் ஊரார் அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. அதன் குறையைச் சொல்லியே அழைக்கிறார்கள்.

காது கேளாத, வாய் பேசாத இப்பிள்ளைக்குக் கடவுளைப்பற்றி எப்படிச் சொல்லிக் கொடுப்பது? எழுத்தறிவை எப்படி ஊட்டுவது? இது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. ஏறத்தாழ இருநூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் மாநகரில் ஒரு குருவானவரை இதே கேள்வி உறங்கவிடாமல் செய்தது. அதற்கு விடை தேடுவதிலேயே அவர் தமது எஞ்சிய வாழ்நாளையும், கையிலிருந்த பொருளையும் செலவிட்டார். அவர்தான் ஷார்ள் மிஷேல் தெ லெப்பே அடிகளார். செவிப்புலனற்றோரின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகவே உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஏனெனில் அவருடைய வெற்றியிலிருந்து மட்டுமல்ல, அவருடைய தவறுகளிலிருந்தும் நமது குடும்பங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

மூடப்பட்ட வாசல்கள்

1712ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரான்சு தேசத்தின் வெர்சாய் நகரில் அவர் பிறந்தார். அவருடைய தந்தையார் அரசரின் கட்டட வேலைகளோடு தொடர்புடைய உத்தியோகத்தர். வசதியும் பக்தியும் உள்ள குடும்பம். மகன் சிறுவயதிலேயே குருவாக வேண்டும் என்று விரும்பினார், இறையியலும் கற்றார். ஆனால் குருப்பட்டத்தின் வாசலில் ஒரு தடை எழுந்தது. அக்காலத்தில் பிரான்சு திருச்சபையை ஜான்சேனியம் என்ற கொள்கைத் தகராறு உலுப்பிக்கொண்டிருந்தது. அக்கொள்கையைத் திருச்சபை கண்டித்திருந்தது. குருப்பட்டம் பெற விரும்புவோர் அக்கண்டனத்தை ஏற்று ஒரு பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். இளைஞரான தெ லெப்பே தமது மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை என்று ஒப்பமிட மறுத்தார். அந்தத் தகராறின் சரிபிழையை ஆராய்வது இங்கே நமது நோக்கமன்று. ஆனால் அதன் விளைவு அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குருப்பட்டம் மறுக்கப்பட்டதும் அவர் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். எனினும் அவருடைய உள்ளம் பீடத்தையே நாடியது. இறுதியில் துறுவா மறைமாவட்டத்தின் ஆயர் அவரை ஏற்று, 1738ஆம் ஆண்டில் குருவாகத் திருநிலைப்படுத்தினார். அந்த ஆயர் 1743இல் இறந்தபின், பாரிஸ் திரும்பிய தெ லெப்பே அடிகளாருக்கு அந்நகரத்துப் பேராயர் பிரசங்கம் செய்யவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அனுமதி வழங்கவில்லை.

சிந்தித்துப் பாருங்கள். நடுவயதை அடைந்துவிட்ட ஒரு குரு. மந்தையில்லை, பிரசங்க மேடையில்லை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில்லை. நமக்கு இனி என்ன வேலை இருக்கிறது என்று சோர்ந்து ஒதுங்குவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆண்டவர் அவரைப் பயன்படுத்திய விதம் வேறாக இருந்தது.

தையலிலிருந்து தலை நிமிராத இரு சகோதரிகள்

1760ஆம் ஆண்டையொட்டிய ஒரு நாள், ஏதோ அலுவலாக அவர் பாரிஸில் ஓர் ஏழைப் பெண்மணியின் வீட்டுக்குச் சென்றார். வீட்டுக்காரி வெளியே போயிருந்தாள். உள்ளே இரட்டைச் சகோதரிகள் இருவர் தையல் வேலையில் ஆழ்ந்திருந்தனர். அடிகளார் வணக்கம் கூறினார், பதிலில்லை. கேள்வி கேட்டார், அவர்கள் தலை நிமிரவுமில்லை. மரியாதை தெரியாத பிள்ளைகளோ என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். சற்று நேரத்தில் தாய் திரும்பி வந்து, கண்ணீரோடு விஷயத்தைச் சொன்னாள். இரு பிள்ளைகளுக்கும் காது கேளாது. ஆகவே பேசவும் தெரியாது. வனேன் என்ற குருவானவர் ஒருவர் புனிதர்களின் படங்களைக் காட்டி அவர்களுக்குச் சிறிது ஞானோபதேசம் கற்பித்து வந்தார். அவரும் இறந்துவிட்டார். இனி அவர்களுக்கு யாருமில்லை.

அந்த வீட்டை விட்டு வெளியேறிய அடிகளாரின் மனம் அங்கேயே தங்கிவிட்டது. இப்பிள்ளைகள் தங்களைப் படைத்தவரை அறியாமலே வாழ்ந்து, அறியாமலே இறந்துபோவார்களே என்ற எண்ணம் அவரை வாட்டியது. அக்காலத்தில் பலர், விசுவாசம் காதின் வழியாகவே உள்ளத்தில் நுழைய வேண்டும், காதில்லாதவருக்கு அந்த வழி அடைக்கப்பட்டது என்று கருதினார்கள். பேச்சில்லாத இடத்தில் அறிவும் இல்லை என்று படித்தவர்களே நம்பினார்கள். செவிப்புலனற்ற பிள்ளைகளைச் சில குடும்பங்கள் வெட்கத்தினால் உலகத்தின் கண்ணில் படாமல் மறைத்து வைத்தன.

அடிகளார் இளமையில் தத்துவ வகுப்பில் கற்ற ஒரு பாடத்தை நினைவுகூர்ந்தார். ஒரு பொருளுக்கும் அதைக் குறிக்கும் ஒலிக்கும் இடையே இயற்கையான உறவு எதுவுமில்லை. மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடே அது. நமது மொழியிலேயே பாருங்கள். மாம்பழம் என்ற ஓசைக்கும் அந்தப் பழத்தின் இனிப்புக்கும் என்ன உறவு? நாம் சிறுவயதிலிருந்து பழத்தைக் காட்டிச் சொல்லக் கேட்டதனால் அந்த ஓசை நமக்குப் பழத்தை நினைவூட்டுகிறது. அப்படியானால், எழுதப்பட்ட சொல்லையும் கையசைவையும் அதே பொருளோடு நேரே இணைத்துவிட முடியாதா? காதின் வாசல் மூடியிருந்தால் கண்ணின் வாசலால் நுழையலாமே. இதுவே அவர் கண்ட ஒளி. அந்த இரு சகோதரிகளும் அவருடைய முதல் மாணவிகளானார்கள்.

ஆசிரியர் மாணவராகிறார்

செவிப்புலனற்றோருக்குக் கல்வி புகட்டியவர்களில் தெ லெப்பே அடிகளார் முதல்வர் அல்லர். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பானிய நாட்டில் பேத்ரோ பொன்சே என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, பிரபுக்களின் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பேசவும் எழுதவும் கற்பித்தார். பாரிஸிலேயே பெரேயிரா என்ற யூத ஆசிரியர் வசதி படைத்த சில பிள்ளைகளைப் பேசப் பழக்கிப் பெரும் பெயர் பெற்றிருந்தார். ஆனால் அவர் தமது முறையைப் பிறருக்கு வெளியிடாமல் இரகசியமாகக் காத்தார். இவ்வாறு அக்கல்வி செல்வந்தரின் சொத்தாக இருந்தது. ஒருவருக்கு ஓர் ஆசிரியராக, பெரும் பொருட்செலவில் நடந்தது. ஏழையின் செவிப்புலனற்ற பிள்ளைக்குப் பாடசாலை என்ற ஒன்று இருக்கவில்லை.

தெ லெப்பே அடிகளார் இந்த நிலைமையை மாற்றினார். மூலேன் வீதியில் 14ஆம் இலக்க வீட்டிலே தமது சொந்தப் பணத்தில் பாடசாலை நடத்தினார். கட்டணம் கிடையாது. ஏழைகளுக்காகவே தாம் இதைத் தொடங்கியதாகவும், செல்வந்தரின் பிள்ளைகளைச் சேர்ப்பது ஒரு சலுகை என்றும் அவர் கருதினார். இரு பிள்ளைகளோடு தொடங்கிய முயற்சி, 1780களில் ஏறத்தாழ எழுபது மாணவர்களைக் கொண்ட பாடசாலையாக வளர்ந்தது.

அவர் கற்பித்த முறை யாது? பிரெஞ்சுப் பிள்ளைக்கு இலத்தீன் கற்பிக்க வேண்டுமானால், பிள்ளைக்குத் தெரிந்த பிரெஞ்சு மொழியைக் கொண்டே விளக்குவார்கள். அதுபோல, செவிப்புலனற்ற பிள்ளைக்குத் தெரிந்த மொழி எது என்று அவர் தேடினார். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் கைகளாலும் முகக் குறிப்பாலும் ஓயாமல் உரையாடுவதைக் கண்டார். மற்றவர்கள் அதைக் குரங்குச் சேட்டை என்று தள்ளினார்கள். அடிகளாரோ அவர்கள் முன் மாணவராக அமர்ந்து, அந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்டார். பிறகு அவற்றின் துணைகொண்டு எழுத்தையும் சொல்லையும் வாக்கியத்தையும் கற்பித்தார். ஸ்பானிய மொழியில் 1620ஆம் ஆண்டில் வெளிவந்த பொனே என்பவரின் நூல் ஒன்று கைக்குக் கிடைத்தபோது, அதை வாசிப்பதற்காகவே ஸ்பானிய மொழியைக் கற்றார். அதிலிருந்த ஒற்றைக்கை எழுத்துமுறையைத் தமது பாடசாலைக்கு எடுத்துக்கொண்டார்.

அவருடைய பாடம் எப்படி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறோம். விசுவசித்தல் என்ற சொல்லை எப்படிச் சைகையால் விளக்குவது? கையில் பிடித்துக் காட்டக்கூடிய பொருளன்று அது. அடிகளார் அதை நான்காகப் பிரித்தார். முதலில் நெற்றியைத் தொட்டு, அறிவினால் ஏற்றுக்கொள்வதைக் காட்டுவார். பின்பு நெஞ்சைத் தொட்டு, இருதயத்தினால் ஏற்பதையும், வாயைக் காட்டி, அதை அறிக்கையிடுவதையும் உணர்த்துவார். கடைசியாகக் கண்ணைக் காட்டித் தலையசைத்து, இவை எதையும் கண்ணால் காணவில்லை என்பதைப் புலப்படுத்துவார். இந்த நான்கும் சேர்ந்ததே விசுவாசம். நன்கு பேசவும் கேட்கவும் தெரிந்த நம்மில் எத்தனைபேர் நமது பிள்ளைகளுக்கு இவ்வளவு தெளிவாக விசுவாசத்தை விளக்கியிருக்கிறோம்?

உலகம் வியந்தது

1771ஆம் ஆண்டிலிருந்து அவர் தமது மாணவர்களைப் பொதுமக்கள் முன்னிலையில் பரீட்சித்துக் காட்டினார். திருவருட்சாதனங்கள் பற்றிய கேள்விகளுக்குப் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியில் மட்டுமன்றி இலத்தீன், இத்தாலியம் போன்ற மொழிகளிலும் எழுத்தில் விடையளித்தார்கள். செவிப்புலனற்றோருக்குப் புத்தி இல்லை என்று எண்ணியிருந்த சீமான்களும் சீமாட்டிகளும் வாயடைத்து நின்றார்கள். 1777இல் பிரெஞ்சு அரசியின் சகோதரரான இரண்டாம் யோசேப்புப் பேரரசர் நேரில் வந்து பார்வையிட்டார். பின்னர் வியன்னா நகரிலிருந்து ஒரு குருவை அனுப்பி இம்முறையைக் கற்கச் செய்தார். 1779இல் அந்நகரிலும் பாடசாலை தோன்றியது. ருஷ்யப் பேரரசி கத்தரீன் தமது தூதுவர் வழியாகப் பரிசளிக்க முன்வந்தபோது, அடிகளார் பரிசை மறுத்து, அந்நாட்டிலிருந்து ஒரு செவிப்புலனற்ற பிள்ளையைத் தம்மிடம் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

தமது முறையை அவர் ஒருபோதும் இரகசியமாக வைத்திருக்கவில்லை. 1776இலும் 1784இலும் நூல்களாக வெளியிட்டார். எந்த நாட்டிலிருந்து, எந்தச் சபையிலிருந்து யார் வந்தாலும் இலவசமாகக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்ற சில்வெஸ்திரி என்ற குரு 1784இல் உரோமையில் பாடசாலை ஆரம்பித்தார். ஒல்லாந்து தேசத்தில் கியோ என்ற புரட்டஸ்தாந்து போதகர் 1790இல் கிரோனிங்கன் நகரில் தொடங்கினார். ஜெர்மனியில் ஹைனிக்கே என்ற ஆசிரியர், சைகையை விடுத்துப் பேச்சினாலேயே கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். இருவருக்குமிடையே நடந்த கடிதப் போராட்டத்தில் சூரிச் நகர அறிஞர்கள் 1783இல் தெ லெப்பேயின் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

அவருடைய தவறுகள்

இனி, பெரியோரின் வரலாறுகளில் வழக்கமாக விட்டுவிடப்படும் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

அடிகளார் பிள்ளைகளின் சைகைகளைக் கற்றார் என்றோம். ஆனால் அவற்றில் பிரெஞ்சு இலக்கணம் இல்லையே என்று அவர் கவலைப்பட்டார். ஆகவே ஆண்பாலுக்குத் தொப்பி விளிம்பைத் தொடுதல், பெண்பாலுக்குக் காதோரத்தைத் தொடுதல், இறந்த காலத்துக்குத் தோளுக்குப் பின்னால் கையை வீசுதல் என்று ஒவ்வோர் இலக்கண உறுப்புக்கும் ஒரு சைகையைப் பிணைத்தார். அவற்றை முறைச்சைகைகள் என்று அழைத்தார். விளைவு என்ன? அவர் சைகையால் சொல்லச் சொல்ல மாணவர்கள் மிகக் கடினமான வாக்கியங்களையும் பிழையின்றி எழுதினார்கள். ஆனால் தங்கள் மனதில் உள்ளதைத் தாங்களாகவே எழுதச் சொன்னால் பலர் தடுமாறினார்கள். அந்தச் செயற்கைச் சைகைகளை மாணவர்கள் தங்களுக்குள் பேசும்போது பயன்படுத்தவுமில்லை. பிற்காலத்தில் அவருடைய பாடசாலையே அவற்றைக் கைவிட்டது.

இதை விளங்கிக்கொள்ள மற்றொரு மனிதரையும் நீங்கள் அறிய வேண்டும். பியேர் தெலோஜ் என்பவர் பாரிஸில் புத்தகம் கட்டும் தொழிலாளி. ஏழு வயதளவில் அம்மை நோயினால் செவிப்புலனை இழந்தவர். அடிகளாரின் பாடசாலையில் படித்தவர் அல்லர். அவர் 1779இல் ஒரு நூல் வெளியிட்டார். பாரிஸ் தெருக்களில் வேலை செய்யும் செவிப்புலனற்றோர், பாடசாலை எதுவுமின்றியே, எதைப்பற்றியும் தங்கள் சைகைகளால் உரையாடிக்கொள்கிறார்கள் என்று அதில் விளக்கினார். சைகை மொழியை அடிகளார் உருவாக்கினார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. அந்த மொழி ஏற்கெனவே இருந்தது. அதற்கு மதிப்புக் கொடுத்துப் பாடசாலைக்குள் அழைத்து வந்ததே அடிகளாரின் பெருமை. பிள்ளைகளிடமிருந்து கற்றவரையில் அவருடைய பணி பலன் தந்தது. அந்த மொழியைத் திருத்த முனைந்த இடத்தில் அது தடுமாறியது.

இன்னொரு தவறு இதைவிட வேதனையானது. 1773இல் பிக்கார்தி மாகாணத்துத் தெருவொன்றில் அநாதையாக விடப்பட்ட ஒரு செவிப்புலனற்ற சிறுவன் கண்டெடுக்கப்பட்டான். பின்னர் அவன் அடிகளாரின் பராமரிப்புக்கு வந்தான். அவனுடைய சைகைகளிலிருந்து, அவன் சோலார் என்ற பிரபு குடும்பத்தின் வாரிசு என்றும், சொத்துக்காகக் கைவிடப்பட்டவன் என்றும் அடிகளார் நம்பினார். வழக்குத் தொடரப்பட்டது. ஓர் இளைஞர் குற்றஞ்சாட்டப்பட்டு விலங்கிடப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று பின்னர் தெரிந்தது. 1781இல் நீதிமன்றம் சிறுவனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அடிகளார் இறந்தபின், 1792இல் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. அநாதைப் பிள்ளைமீது கொண்ட இரக்கம், அவன் சொன்னதைத் தமது விருப்பப்படி விளங்கிக்கொள்ள அடிகளாரைத் தூண்டிவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. பேசாத பிள்ளைக்காகப் பேசப் புறப்படும் நாம் எல்லாரும் அஞ்ச வேண்டிய இடம் இது.

நெருப்பில்லாத அறை

1788ஆம் ஆண்டின் குளிர்காலம் பிரான்சு தேசத்தை நடுங்க வைத்தது. அடிகளாருக்கு வயது எழுபத்தாறு. விறகுக்குச் செலவிடும் பணம் பிள்ளைகளின் உணவுக்குப் போகட்டும் என்று, அவர் தமது அறையில் நெருப்பு மூட்டாமலே இருந்தார். மாணவர்களுக்கு இது தெரிய வந்தது. அவர்கள் கண்ணீரோடு அவரைச் சூழ்ந்து, தங்களுக்காகவாவது அவர் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று தங்கள் கைகளால் மன்றாடினார்கள். அவர் இணங்கினார். ஆனால் அந்த விறகின் விலையைத் தம் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டதாக அவர் பின்னரும் வருந்தினாராம்.

1789ஆம் ஆண்டு டிசெம்பர் 23ஆம் திகதி, நத்தார்ப் பெருவிழாவுக்கு இரு நாட்கள் இருக்கையில், அவர் இறைவனடி சேர்ந்தார். பாரிஸ் புனித றொக் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிரெஞ்சுப் புரட்சி வெடித்துத் திருச்சபையின் சொத்துக்கள் பறிமுதலாகிக்கொண்டிருந்த காலம் அது. ஆயினும் அதே புரட்சியின் தேசிய சபை 1791 யூலையில் இந்தக் குருவின் பெயரை மானிட குலத்தின் உபகாரிகள் வரிசையில் சேர்த்து, அவருடைய பாடசாலையை நாட்டின் பொறுப்பில் ஏற்றது. அந்நிறுவனம் இன்றும் பாரிஸில் புனித யாக்கோபு வீதியில் இயங்குகிறது.

அவருக்குப்பின் வந்த சிக்கார் அடிகளாரிடம் பயின்ற லோரான் கிளேர் என்ற செவிப்புலனற்ற ஆசிரியர், 1816இல் அமெரிக்கா சென்றார். 1817இல் ஹாட்போர்ட் நகரில் கலோடெற் என்ற போதகரோடு சேர்ந்து பாடசாலை தொடங்கினார். அமெரிக்கச் சைகை மொழியில் பாரிஸ் சைகைகள் பல இன்றும் காணப்படுவது இதனாலேயே.

கட்டப்பட்ட கைகள்

வாசகர்களே, கதை இங்கே இனிதே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அவ்வாறு முடியவில்லை. 1880 செப்டெம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் செவிப்புலனற்றோர் கல்வி பற்றிய மாநாடு ஒன்று கூடியது. வந்திருந்த 164 பேரில் ஒருவர் மட்டுமே செவிப்புலனற்றவர். பாடசாலைகளில் சைகையை அகற்றிப் பேச்சினாலேயே கற்பிக்க வேண்டும் என்று 160 வாக்குகளால் தீர்மானித்தார்கள், எதிர்த்தவர்கள் நால்வர். அம்மாநாட்டின் தலைவரும் ஒரு குருவானவரே. நாம் இதை மறைக்கலாகாது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. பிள்ளைகள் மற்றவர்களைப்போல் பேச வேண்டும் என்று விரும்பினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளையோ, வளர்ந்த செவிப்புலனற்றோரையோ கேட்டுப் பார்க்கவில்லை. அதன்பின் பல நாடுகளில் செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். வகுப்பில் சைகை செய்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அடிகளார் திறந்த வாசல் நூறு ஆண்டுக்குக் கிட்ட அடைபட்டுக் கிடந்தது.

ஆனால் மொழி சாகவில்லை. விடுதி அறைகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் பிள்ளைகள் அதைக் காத்து வைத்தார்கள். 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ, சைகை மொழி தனக்கெனச் சொல்லமைப்பும் இலக்கணமும் உள்ள முழுமையான மொழியே என்று ஆராய்ந்து காட்டினார். 2010இல் வான்கூவர் நகரில் கூடிய அதே தொடர் மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. 2018 தொடக்கம் செப்டெம்பர் 23ஆம் திகதி உலகச் சைகை மொழிகள் தினமாக அனுசரிக்கப்படுகிறது.

நமது வீட்டு வாசல்

நமது நாட்டில் 1912ஆம் ஆண்டு மேரி சாப்மன் என்ற ஆங்கில மிஷனரிப் பெண்மணி செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்கும் பாடசாலையொன்றைத் தொடங்கினார். அது பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. வடக்கிலே கைதடியில் நவீல்ட் பாடசாலை தோன்றித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியது. சைகை மொழிகளை மதிக்க வேண்டும் என்று கூறும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016இல் இலங்கையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே வழியில்லை என்று இன்று நாம் சொல்ல முடியாது.

பெற்றாரே, உங்கள் குழந்தை சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஐயமெழுந்தால், வளர வளரச் சரியாகும் என்று காத்திராதீர்கள். குழந்தையின் மூளை மொழியைப் பற்றிக்கொள்வது முதல் சில ஆண்டுகளில்தான். அக்காலம் வீணாகப் போனால் பின்னர் ஈடுசெய்வது கடினம். உடனே வைத்தியரிடம் கொண்டுசென்று செவிப்புலனைப் பரிசோதியுங்கள். செவிப்புலன் கருவியோ, சத்திரசிகிச்சையோ, பேச்சுப் பயிற்சியோ உதவுமாயின் நன்றியோடு பயன்படுத்துங்கள். தெ லெப்பே அடிகளாரும் இயன்ற பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பித்தவரே. ஆனால் பேச்சு வரும்வரை குழந்தையை மொழியில்லாமல் வைத்திராதீர்கள். சைகை பழகினால் பேச்சு வராது என்று எண்ணி அதன் கைகளைக் கட்டிவிடாதீர்கள். தாய் மட்டும் சைகை பழகினால் போதாது. தகப்பனும் சகோதரரும் பாட்டியும் கற்க வேண்டும். இரவுச் சாப்பாட்டு வேளையில் எல்லாரும் சிரிக்கும்போது, ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் பிள்ளையின் தனிமையைவிடப் பெரிய பசி வேறில்லை.

நற்கருணைக்கு ஆயத்தமாகும் வயதில் அப்பிள்ளையை ஒதுக்கிவிடாதீர்கள். சைகையாலோ எழுத்தாலோ பாவசங்கீர்த்தனம் செய்யலாம். விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் துணையோடும் செய்யலாம் என்று திருச்சபைச் சட்டமே இடமளிக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஐக்கிய அமெரிக்காவில் தோமஸ் கொக்லின் என்பவர், பிறவியிலேயே செவிப்புலனற்றவராயிருந்தும், 1977இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குப் பீடமும் எட்டாத இடமன்று.

கிறிஸ்துநாதர் செவிப்புலனற்ற ஒரு மனிதரைக் குணமாக்கிய சுவிசேஷப் பகுதியை இன்று வீட்டில் சேர்ந்து வாசியுங்கள். அவர் அம்மனிதரைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்றார். காதுகளில் விரலை வைத்தார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்து ஆணையிடுவதற்குமுன், அம்மனிதருக்கு விளங்கக்கூடிய சைகைகளால் ஆண்டவர் அவரோடு பேசினார். தெ லெப்பே அடிகளார் அந்த வழியைப் பின்பற்றினார். நமது பங்கிலும் ஒரு பிள்ளை நமது முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அதன் அருகே போய் அமருங்கள். அதன் பெயரை அதன் கைகளிடமிருந்தே கற்றுக்கொள்ளுங்கள்.